பனிக்கரடிக்கு உத்தரவாதம் எழுதாதீர்கள்: மும்பைத் தமிழ் அமைப்புகளின் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி வட்டாரங்களில் தமிழ் அமைப்புகளுக்கும் மூத்த குடிமக்கள் மன்றங்களுக்கும் பயண ஏற்பாடு செய்யும் குழுவினருக்கு வணக்கம்.

காசி, கைலாஷ், ஐரோப்பா என்று கூட்டிப்போன குழுக்கள் இப்போது ஆர்க்டிக் பக்கம் திரும்பியிருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளைக் கப்பலில் சுற்றி, பனிக்கரடியும், வால்ரஸ் என்ற நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கும், கடலில் சரியும் பனியாறும் பார்க்க ஆள் சேர்க்கும் சுற்றறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. பார்க்க வேண்டிய இடம்தான், அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. துருவப் பயணத்துக்கு விசாத் தாள் சரிபார்ப்பது, கப்பலில் அறை பிடிப்பது, கூடவே போய் ஆட்களை ரப்பர் படகில் ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. அந்தச் சுற்றறிக்கைகளில் எழுதாமல் விட்டிருப்பவை எங்களுக்குக் கவலை தருகின்றன. ஆளுக்குப் பல லட்சம் ஆகும் பயணம் இது. பி.எஃப். பணத்தையும் ஓய்வூதியச் சேமிப்பையும் எடுத்து வருகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் காசோலை எழுதுகிறார்கள். முன்பணம் வாங்குவதற்கு முன் அவர்களிடம் சொல்லியாக வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கப்பல். "பெரிய கப்பல், ஆடாது, லிஃப்ட் உண்டு, சைவச் சாப்பாடு உண்டு" என்று இரண்டாயிரம் பேர் போகும் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மத்தியதரைக் கடலுக்கு அது சரி. ஸ்வால்பார்டுக்குப் பொருந்தாது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிய விதி அமலில் இருக்கிறது. 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் நுழையக் கூடாது. தீவுகளின் நிலப்பரப்பில் சுமார் 65 சதவீதமும், சுற்றியுள்ள கடலில் சுமார் 87 சதவீதமும் பாதுகாக்கப்பட்ட பகுதிதான். அதாவது வால்ரஸ் கிடக்கும் கரை, பறவை மலை, பெரிய பனிச்சுவர் என்று விளம்பரப் படத்தில் இருப்பதில் பெரும்பகுதி அந்தப் பெரிய கப்பலுக்குப் பூட்டிய கதவு. அது தீவுகளின் முக்கிய ஊரான லாங்இயர்பியன் துறைமுகத்தில் நிற்கும், பயணிகள் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். அதுவும் ஒரு பயணம்தான். ஆனால் அதை "ஆர்க்டிக் வனவிலங்குப் பயணம்" என்று சுற்றறிக்கையில் எழுதக் கூடாது.

200 பேருக்குள் இருக்கும் கப்பலிலும் கேட்க வேண்டியது உண்டு. அந்தப் பகுதிகளுக்குள் 43 இடங்களில் மட்டுமே கரையிறங்க அனுமதி. எனவே ஒரு கரையில் ஒரு நேரத்தில் எத்தனை பேரை இறக்குவார்கள், எத்தனை வழிகாட்டிகள் வருவார்கள், எத்தனை படகுகள் ஓடும் என்று எழுத்தில் வாங்குங்கள். நூறு பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்க முடியும். நூற்றெண்பது பேர் என்றால் பெரும்பாலும் இரண்டு அணி. ஒன்று கரையில் நடக்கும், மற்றொன்று படகில் சுற்றும், பிறகு மாற்றிக்கொள்ளும். கரையில் இருக்கும் நேரம் அதற்கேற்பக் குறையும். விலைப்பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது.

இனி கரடி. சட்டப்படி பனிக்கரடிக்கும் மனிதர்களுக்கும் இடையே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். குட்டியோடு தாய்க்கரடி வெளியே வந்து சீல் என்ற கடல்நாயை வேட்டையாடும் பருவம் அது. 300 மீட்டர் எவ்வளவு என்று நம் ஆட்களுக்குப் புரியவைக்க ஒரு வழி உண்டு. ஏறக்குறைய 15 பெட்டி லோக்கல் ரயிலின் நீளம் அது. கடைசிப் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டு முதல் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஆளைப் பாருங்கள், கரடி அவ்வளவுதான் தெரியும். பனி வெள்ளையாக இருக்கும், கரடி வெண்ணெய் நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் தட்டி இருக்கும். பழகாத கண்ணுக்கு அது ஒரு கறை. 8×42 அல்லது 10×42 பைனாகுலர் இருந்தால் நடை தெரியும், தலையைத் தூக்கி மோப்பம் பிடிப்பது தெரியும். ஆளுக்கு ஒரு பைனாகுலர் என்பது ஆடம்பரம் இல்லை. தம்பதிக்கு ஒன்று என்றால் கரடி திரும்பிப் போகும் வரை யார் பார்ப்பது என்ற இழுபறிதான் மிஞ்சும். செல்போன் கேமராவில் எதுவும் விழாது. படம் வேண்டும் என்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும்.

ஸ்வால்பார்டில் நிரந்தரமாகத் தங்கும் கரடிகள் சுமார் 300 என்று மதிப்பிடுகிறார்கள். கடல்பனி விளிம்போடு வடக்கே போய்விடுகிறவை வேறு. சில வாரங்களில் நாளுக்கு ஒன்று தெரியும். சில பயணங்களில் ஒன்றுகூடத் தெரியாது. கரடியைத் தேடித் துரத்துவதும், உணவு காட்டி இழுப்பதும் குற்றம். "கரடி நிச்சயம்" என்று எந்த நேர்மையான கப்பல் நிறுவனமும் எழுதாது. நீங்களும் எழுதாதீர்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கரையில் கரடி தெரிந்தால் இறங்குவது ரத்து. வழிகாட்டிகள் முதலில் போய் மேட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்து, துப்பாக்கியோடும் விரட்டும் வெடியோடும் காவல் போட்ட பிறகுதான் பயணிகளை இறக்குவார்கள். மூடுபனி இறங்கிக் கண் தெரியவில்லை என்றாலும் ரத்துதான். 2018 ஜூலையில் வடக்கே ஒரு தீவில் கப்பல் வழிகாட்டி ஒருவரைக் கரடி தாக்கியது, கரடியைச் சுட வேண்டியதாயிற்று. இந்தக் கெடுபிடி மனிதரையும் கரடியையும் சேர்த்துக் காப்பாற்றத்தான். ரத்தான கரையிறங்கலுக்குப் பணம் திரும்பி வராது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும்.

உறுதியாகக் காணக்கூடியவற்றை உங்கள் சுற்றறிக்கையில் முன்னால் போடுங்கள், ஆட்கள் ஏமாற மாட்டார்கள். ஸ்வால்பார்டு கலைமான், குட்டைக் கால், உருண்டை உடம்பு. ஊருக்குள்ளேயே மேயும். ஹின்லோபன் நீரிணையில் அல்கெஃப்ஜெல்லெட் என்ற கரும்பாறைச் செங்குத்து இருக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே ஆயிரமாயிரம் கில்லிமாட் பறவைகள் விளிம்பு விளிம்பாக அடைந்திருக்கும், வாடையும் இரைச்சலும் படகு நெருங்கும் முன்னே வந்துவிடும். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு அந்தப் பாறை ஏறக்குறைய காலி, குஞ்சுகள் கடலுக்குப் போயிருக்கும். 1952 முதல் வால்ரஸ் வேட்டைக்குத் தடை இருப்பதால் அவை மீண்டு வந்துகொண்டிருக்கின்றன. கரையில் கூட்டமாகப் படுத்திருப்பதைப் பெரும்பாலான பயணங்களில் பார்க்கலாம். ஆர்க்டிக் ஆலாக்கள் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையில் கொத்தும், வழிகாட்டி கையில் உள்ள குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் குச்சியைக் கொத்திவிட்டுப் போகும். நீலத் திமிங்கிலமும் பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கிலமும் அதிர்ஷ்டக் கணக்கில் சேரும்.

வானத்தில் பச்சை ஒளி ஆடும் படத்தை ஜூலைப் பயண விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். லாங்இயர்பியனில் ஏப்ரல் 20 வாக்கில் இருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் வெயில் அடிக்கும் வானத்தில் துருவ ஒளி தெரியாது. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கண்பட்டி கொண்டுவரச் சொல்லுங்கள், தூக்கத்துக்கு உதவும்.

பனியாறு பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், வருகிறவர்கள் மனதில் கடைசிவரை நிற்பது அதுதான். ஸ்வால்பார்டு நிலத்தில் பாதிக்கும் மேல் பனியாறுகள். வடகிழக்கில் ஔஸ்ட்ஃபொன்னா பனிமுகடு கடலைத் தொடும் இடத்தில் 150 கிலோமீட்டருக்கும் மேல் ஒரே பனிச்சுவர், உச்சியில் இருந்து உருகிய நீர் அருவிகளாகக் கடலில் விழும். லீஃப்டெஃப்யோர்டனில் உள்ள மொனாகோ பனியாற்றின் அடியில் நன்னீர் பொங்கி மேலே வரும்போது சிற்றுயிர்களையும் சேர்த்துக் கொண்டுவரும். அந்த இடத்தில் கிட்டிவேக் பறவைகள் மொய்க்கும். பறவைக் கூட்டத்தை வைத்தே அடியில் ஆறு எங்கே திறக்கிறது என்று சொல்லிவிடலாம். படகின் எஞ்சினை அணைத்தால் சுற்றிலும் மிதக்கும் பனித்துண்டுகள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும், தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலவே. நூற்றாண்டுகளுக்கு முன் பனியோடு அழுந்தி அடைபட்ட காற்றுக்குமிழிகள் அவை, பனி உருகும்போது ஒவ்வொன்றாக விடுபடுகின்றன.

சுவர் சரிவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து ஒலி வந்து சேர மூன்று விநாடி ஆகும். கண்ணைப் பனிச்சுவரின் முகப்பிலேயே வைத்திருக்க வேண்டும். சின்னத் துண்டுகள் ஓரிடத்தில் உதிர ஆரம்பித்தால் அங்கேயே பாருங்கள். படகை ஏன் கிட்டே கொண்டுபோவதில்லை என்று படகோட்டியிடம் சண்டை போடக் கூடாது. மேலிருந்து விழுவது ஒரு ஆபத்து. நீருக்கடியில் இருந்து உடைந்து, முகப்புக்கு வெகுதூரம் முன்னால் திடீரென்று மேலே கிளம்பும் கட்டி அதைவிடப் பெரிய ஆபத்து. அது முன்னறிவிப்பு தராது. 2007 ஆகஸ்டில் ஹார்ன்சுண்டில் ஒரு கப்பல் முகப்பை நெருங்கிவிட்டதால் பயணிகள் பலர் காயப்பட்டார்கள். வரும் அலைக்குப் படகின் மூக்கைத் திருப்பிக் காட்டவும், விலகி ஓடவும் இடம் வேண்டும். படகோட்டி ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது முழங்கால். உங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் இதை நீட்டியே எழுதுகிறோம். கப்பல் கரையை அணையாது. பக்கவாட்டில் தொங்கும் இரும்புப் படிக்கட்டில் இறங்கி, சோடியாக் என்ற ரப்பர் படகில் ஏற வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கீழ்ப்படியில் நிற்கும் மாலுமி உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். விரல்களைப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கிவிடும், முன்கைகள் ஒன்றையொன்று பற்றினால் ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமரா, கைப்பை எல்லாம் முதுகுப் பைக்குள். படகு மேலே வரும் தருணத்தில் அவர் சொன்னதும் ஒரு கால் ரப்பர் விளிம்பின் மேல், அடுத்த கால் உள்ளே உள்ள படியில், உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து பின்னால் போக வேண்டும். தாதரில் லோக்கல் ஏறும் பழக்கத்தை இங்கே முற்றிலும் மறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஆள், முன்னால் போனவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் படியில் கால் வைக்கலாம். பின்னால் நின்று "சீக்கிரம் போங்கோ மாமி" என்று தோளைத் தொட்டாலே விபத்து.

கரையில் பெரும்பாலும் ஈரமான இறக்கம். படகின் மூக்கை மணலில் ஏற்றி நிறுத்துவார்கள். விளிம்பில் உட்கார்ந்தபடி முன்னால் நகர்ந்து, கால்களைப் படகின் பின்பக்கமாகச் சுழற்றி வெளியே போட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். மூக்குப் பக்கமாகக் காலைச் சுழற்றினால் அலை படகை முன்னே தள்ளும்போது கால் அடியில் மாட்டும். இதைக் கப்பலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்கள், ஆங்கிலத்தில், வேகமாக. தமிழில் ஒருமுறை இங்கேயே, தரையில் பாய் போட்டு, ஸ்டூல் வைத்துப் பழக்கிக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். முழங்கால் உயர ஸ்டூலின் மேல் ஒரு காலை வைத்து, இன்னொருவர் முன்கையை மட்டும் பிடித்து, பத்து முறை ஏறி இறங்க முடிகிறதா பாருங்கள். தாழ்ந்த இருக்கையில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா பாருங்கள். முடியாதவரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. கப்பல் மேல்தளத்தில் இருந்தே நிறையப் பார்க்கலாம். ஆனால் அவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கரையிறங்கலுக்குத்தான் போகிறது என்பதை அவர் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

கப்பலை விட்டு இறங்கும்போது பலகையில் தன் எண் வில்லையைத் திருப்பிவிட்டு, திரும்பியதும் மறுபடி மாற்ற வேண்டும். சில கப்பல்களில் அட்டையைத் தேய்ப்பார்கள். மறந்தால் ஆள் கரையில் இருப்பதாகக் கணக்காகி, கப்பல் நகராது. கணவருக்கும் சேர்த்து மனைவி மாற்றுவது, நண்பருக்கும் சேர்த்து நண்பர் மாற்றுவது கூடவே கூடாது.

விசாவில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. 1920 ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா வேண்டாம், அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் தரப்பு. "விசா இல்லாத ஆர்க்டிக்" என்று இதை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் போக வழி பெரும்பாலும் ஓஸ்லோதான், அது ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே. ஆகவே ஓஸ்லோவில் ஒருமுறை நுழைகிறீர்கள், லாங்இயர்பியன் விமானத்துக்காக வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது இரண்டாவது முறை நுழைகிறீர்கள். இரண்டு முறையோ பல முறையோ நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசா வந்தால் திரும்பும் வழி அடைபட்டதாக அர்த்தம். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே அந்த வரியைப் பாருங்கள். பயணத்தில் கிரீன்லாந்தும் சேர்ந்திருந்தால் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. "கிரீன்லாந்துக்குச் செல்லும்" என்ற குறிப்போடு டென்மார்க் விசா தனியாக வேண்டும். கப்பலோடு சுவிட்சர்லாந்தையும் பாரிஸையும் ஒட்டவைக்கும் குழுக்கள், ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். படிவம் நிரப்பும் முன் விசா மையத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். விமானச் சீட்டில் ஒரு மாதிரி, கப்பல் பயணிகள் பட்டியலில் இனிஷியலோடு வேறு மாதிரி, காப்பீட்டில் மூன்றாவது மாதிரி எழுதி வைத்தால் எல்லையில் நின்று விளக்க வேண்டிவரும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, மூன்று தாளிலும் அப்படியே. பெயர்களை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து வாங்காதீர்கள், பாஸ்போர்ட் நகலாக வாங்குங்கள்.

பணத்தின் நாள்கணக்கைப் பாருங்கள். ஜூலை 10 அன்று கப்பல் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது, ஆகவே ஜனவரி 10க்குத்தான் வழி திறக்கும். மீதிப் பணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் 90 முதல் 120 நாளுக்கு முன் கேட்கின்றன, அதாவது மார்ச் 12க்கும் ஏப்ரல் 11க்கும் நடுவே. விசா முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கலாம். ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கைரேகை கொடுத்தால் மீதிப் பணம் கட்டும் முன் விசா கையில் இருக்கும். "பொங்கல் முடியட்டும், பரீட்சை முடியட்டும்" என்று மார்ச்சுக்குத் தள்ளினால், விசா மறுக்கப்பட்டவரின் முழுப்பணமும் போகும். கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் மும்பை மையங்களில் நேரம் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

பணத்தை அமைப்பின் கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்பாதீர்கள். வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்குப் பிடிக்கும் டி.சி.எஸ். வரி, பணம் கட்டியவரின் பான் எண்ணில்தான் வரவாகும். அமைப்பு கட்டினால் அமைப்பின் எண்ணில் போய் உட்காரும், உறுப்பினர் அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெற முடியாது. அவரவர் கணக்கில் இருந்து அவரவர் கட்டி, தங்கள் வரி வரவுப் படிவத்தில் அது விழுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.

காப்பீட்டில், ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ என்பது விசாவுக்கு மட்டுமே போதும். லாங்இயர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் நார்வே பெருநிலத்தில் உள்ள ட்ரோம்சோவுக்கு, ஏறக்குறைய 950 கிலோமீட்டர். தீவுகளின் வடகிழக்கு மூலையில் இருந்து என்றால் முதலில் ஹெலிகாப்டர், அதுவும் வானிலை இடம் கொடுத்தால். ஆகவே பாலிசியில் நாலு விஷயத்தை எழுத்தில் தேடுங்கள்: ஸ்வால்பார்டு பெயர் சொல்லிச் சேர்ந்திருக்கிறதா, கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, தேடுதல் மீட்புச் செலவும் மருத்துவ வெளியேற்றமும் சேர்ந்திருக்கிறதா, ஏற்கனவே உள்ள சர்க்கரையும் இதயநோயும் விலக்கப்பட்டிருக்கிறதா. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாலிசிகளில் மேலே பெரிய தொகை இருக்கும், உள்ளே அறை வாடகைக்கும் அறுவை சிகிச்சைக்கும் சின்னச் சின்ன உச்சவரம்பு இருக்கும். அந்த அட்டவணையைப் படிக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மருந்து எல்லாம் கைப்பெட்டியில், சீட்டோடு, பத்து நாள் கூடுதலாக. கடல் குமட்டலுக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் திறந்த கடலுக்குப் போகும் முன்பே போட வேண்டும். புராஸ்டேட், கண் அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

ஜூலையில் பெரும்பாலும் 3 முதல் 8 டிகிரி. எண்ணைக் கேட்டால் பயமாகத் தெரியாது. ஓடும் படகில் காற்று அடிக்கும்போதுதான் தெரியும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும், உள்ளே கம்பளி அல்லது சிந்தெடிக் தெர்மல்தான் வேண்டும். அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றும் நீரும் புகாத கோட்டு. பல கப்பல்களில் ரப்பர் பூட்ஸ் இரவலாகக் கிடைக்கும், கோட்டும் சிலவற்றில். பதிவு செய்யும்போதே அளவைச் சொல்லிவிடுங்கள். நீர் புகாத பேன்ட் மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். மும்பை மழைக்கு பைக்கில் போகிறவர்கள் வைத்திருக்கும் பேன்ட், உள்தையலில் டேப் ஒட்டியதாக இருந்தால் போதும். அதை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். புடவையோடு சோடியாக்கில் ஏற முடியாது என்பதைப் பெண்களிடம் இங்கேயே பதமாகச் சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அறையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பொடி, ஊறுகாய் எடுத்துப்போகலாம். பால்கோவா, நெய், நெய்யில் செய்த மைசூர்பாக், பால் பவுடர் எதுவும் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து பால், இறைச்சிப் பொருள்களை நார்வேக்குள் கொண்டுவரத் தடை. அறையில் கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு வைப்பதும் கப்பலில் தடை, தீப்பிடித்தால் ஓட இடமில்லாத இடம் அது. சைவம், முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்பதைப் பெயர்வாரியாக மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். கப்பல் கிளம்பிய பிறகு காய்கறி வாங்கக் கடை இல்லை.

ஸ்வால்பார்டின் ஆய்வு ஊரான நீ-ஓலெசுண்டில் கப்பல் நின்றால் நம் ஆட்களுக்கு அது தனி மகிழ்ச்சி. 2008 ஜூலை 1 அன்று திறந்த இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஊரை ஒட்டிய ஃபியார்டில் (நிலத்துக்குள் நீளும் கடற்பகுதி) 2014இல் கடலுக்கடியில் இறக்கிய இந்திய அளவீட்டுக் கருவித் தொகுதியில் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு உண்டு. நிலையத்தை வெளியே இருந்துதான் பார்க்கலாம், உள்ளே போக ஏற்பாடு என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளுக்குத் தடை உண்டு, அங்குள்ள வானொலி ஆண்டெனாக்கள் விண்வெளியில் இருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்டு பூமியை அளக்கின்றன. வைஃபை, புளூடூத் இரண்டும் அணைய வேண்டும். செல்போன் நினைவுக்கு வந்துவிடும். ஸ்மார்ட் வாட்சும், புளூடூத் உள்ள காதுகேள் கருவியும்தான் மறந்துபோகும். காதுகேள் கருவியில் புளூடூத்தை மட்டும் எப்படி அணைப்பது என்று கடைக்காரரிடம் இங்கேயே கற்றுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கரையில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது: கல், எலும்பு, மான்கொம்பு, பழைய ஆணி எதுவும். 1946க்கு முந்தைய மனிதத் தடயம் ஒவ்வொன்றும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பண்டம், துருப்பிடித்த தகரமானாலும் சரி. கொலுவில் வைக்க ஒரு கல் என்று பையில் போட்டுக்கொள்கிறவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். அதனால்தான் முன்பே சொல்ல வேண்டும். கரையிறங்கும் முன் பூட்ஸைக் கழுவுவதும், பையின் மடிப்பிலும் வெல்க்ரோவிலும் ஒட்டிய விதைகளைச் சுத்தம் செய்வதும் சடங்கு அல்ல. நம் ஊர்ப் புல்விதை ஒன்று அங்கே வேர்விட்டால் எடுக்க ஆளில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் டிரோனும் பறக்கவிடக் கூடாது, பேரன் கொடுத்தனுப்பினாலும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

கடைசியாக விமானம். ஓஸ்லோவில் இருந்து லாங்இயர்பியனுக்கு மூன்று மணி நேரம், மூடுபனியால் தாமதமும் ரத்தும் அங்கே சாதாரணம். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை வந்திருப்பதால் வரிசையும் நீளலாம். கப்பல் புறப்படும் நாளுக்குக் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே லாங்இயர்பியன் சேர்ந்துவிடுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, தொலைந்த பெட்டிக்காகவும் காத்திருக்காது. ஒரு ஜோடி தெர்மல், கையுறை, நீர் புகாத பேன்ட் மூன்றும் கைப்பெட்டியில் இருக்கட்டும்.

உங்கள் அடுத்த சுற்றறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆறு வரியைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: கப்பலின் பெயரும் பயணிகள் எண்ணிக்கையும், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் எத்தனை கரையிறங்கல்கள் திட்டத்தில் உள்ளன என்பது, கரடி கண்ணில் படுவதற்கு உறுதி இல்லை என்பது, இரட்டை நுழைவு விசா, காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை, ஸ்டூல் பயிற்சி நடக்கும் தேதி. ஏற்கனவே பணம் வாங்கியிருந்தால் இந்த ஆறையும் தனிக்கடிதமாக அனுப்பி, விலகிக்கொள்ள விரும்புகிறவருக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மும்பையில் இருந்து துருவப் பயணங்களுக்கு ஆள் அனுப்பும், கூடவே போகும் தமிழ் ஊழியர்கள் சிலர்